புது நகரத்தில் கையைக் கடிக்காமல் சாப்பிட இடம் தேடுவது எப்படி?

கேள்வி: புதுவரவு

அனைவருக்கும் வணக்கம். பணி நிமித்தமாக, எனக்கு முன்பின் அறிமுகமில்லாத ஒரு பெருநகரத்தில் சில மாதங்கள் தங்க வேண்டியிருக்கிறது. தங்கும் அறையில் சமைக்க வசதி இல்லை. ஆகவே மூன்று வேளையும் வெளியில்தான் சாப்பிட்டாக வேண்டும். நகரத்தின் பெயரை வேண்டுமென்றேதான் சொல்லாமல் விடுகிறேன். இந்த வேலை முடிந்ததும் என்னை வேறோர் ஊருக்கு அனுப்புவார்கள். அங்கேயும் இதே தேடல் தொடங்கும். எனவே எந்த ஊரிலும் கைகொடுக்கக்கூடிய வழிமுறை ஏதேனும் இருந்தால் சொல்லுங்கள். கடைப் பட்டியல் வேண்டாம்.

என் எதிர்பார்ப்பு பெரிதல்ல. அலுவலக உடையிலோ ரப்பர் செருப்புடனோ கூச்சமின்றி நுழைந்து, தனியாளாக உட்கார்ந்து, அரை மணி நேரத்துக்குள் வயிறார உண்டுவிட்டு எழுந்து வரக்கூடிய எளிய இடமாக இருந்தால் போதும். நாள்தோறும் சாப்பிட்டாலும் மாதச் செலவு எகிறக்கூடாது. கைப்பேசி வரைபடத்தில் தேடினால் எல்லாக் கடைகளும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண்ணுடன் நிற்கின்றன. விடுதி வரவேற்பாளரைக் கேட்டால், பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் விலை கூடிய உணவகத்தையே கைகாட்டுகிறார். அடிக்கடி ஊர் மாறுகிறவர்கள் முதல் வாரத்தில் என்ன செய்கிறீர்கள்?

பதில்: வழிப்போக்கன்

வணக்கம் நண்பரே. உணவகத்தைத் தேடுவதற்கு முன் அங்கே சாப்பிடுகிறவர்களைத் தேடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அளவான சம்பளத்தில் இருந்துகொண்டு, நாளைக்கும் மறுநாளும் அதே பகுதியில் சாப்பிட வேண்டிய கட்டாயத்தில் இருப்பவர்கள் எங்கே கூடுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ரயில் நிலைய வாசலிலும் சுற்றுலாப் பயணிகள் குவியும் இடங்களிலும் கடை வைத்திருப்பவருக்கு, இன்று வந்தவர் நாளை திரும்பி வரப்போவதில்லை என்பது நன்றாகத் தெரியும். சாப்பாடு சுமாராக இருந்தாலும் அவருடைய வியாபாரம் படுத்துவிடாது. போதாக்குறைக்கு அங்கே வாடகையும் அதிகம். நாம் கொடுக்கும் பணத்தில் கணிசமான பங்கு தட்டுக்கு வராமல் கட்டடச் சொந்தக்காரருக்குப் போய்ச் சேருகிறது. அதே பெரிய சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே நடந்தால் வாடகையும் குறையும், கடைக்கு வருகிறவர்களின் முகமும் மாறும்.

இனி அந்த முகங்கள் எங்கே இருக்கும் என்று பார்ப்போம். அரசு மருத்துவமனை, நீதிமன்ற வளாகம், பல்கலைக்கழகம், பேருந்துப் பணிமனை, மொத்தச் சந்தை, சரக்கு லாரிகள் நிற்கும் இடம், கட்டுமானப் பணி நடக்கும் பகுதி ஆகியவை எந்தப் பெருநகரத்திலும் இருக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நேரக் கணக்கு உண்டு என்பதைத்தான் புதிதாக வருகிறவர்கள் கவனிப்பதில்லை. மொத்தச் சந்தை விடிவதற்கு முன்பே சுறுசுறுப்பாகிவிடும். அங்கே காலை உணவு மிக முன்னதாகக் கிடைக்கும், ஆனால் பிற்பகலில் போனால் பெஞ்சைக் கவிழ்த்து வைத்துக் கழுவிக்கொண்டிருப்பார்கள். மருத்துவமனையில் இரவு முழுவதும் ஆள் நடமாட்டம் இருக்கும் என்பதால், நேரங்கெட்ட நேரத்தில் பசித்தால் அதைச் சுற்றியுள்ள தெருக்களில் ஏதாவது ஒரு கடை திறந்திருக்க வாய்ப்பு அதிகம். அலுவலகப் பகுதி வேலை நாட்களில் மதியம் நிரம்பி வழியும், வார இறுதியில் ஆளரவமற்றுக் கிடக்கும். கல்லூரிப் பகுதியோ விடுமுறை விட்டதும் அடங்கிவிடும். ஆகவே ஒரே பகுதியை நம்பியிருக்காமல், காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று, விடுமுறை நாளுக்குக் குடியிருப்புப் பகுதியில் ஒன்று என்று பிரித்துக்கொண்டால் முதல் வாரத்திலேயே ஒரு பழக்கம் அமைந்துவிடும்.

பகுதியைத் தேர்ந்துகொண்ட பிறகு கடை வாசலில் இரண்டு நிமிடம் நிற்கத் தயங்காதீர்கள். நான் முதலில் பார்ப்பது விலைப்பலகையை. எழுதியிருப்பவை குறைவாக இருந்து, அவற்றிலும் ஒன்றிரண்டு தீர்ந்துவிட்டதாகக் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தால், அன்றைக்குச் சமைத்தது அன்றைக்கே விற்றுத் தீருகிறது என்று பொருள். பழைய விலையின் மேல் சிறு காகிதத் துண்டு ஒட்டிப் புது விலை எழுதியிருப்பதும் எனக்கு நல்ல அறிகுறிதான். வெறும் எட்டணா ஏற்றத்தையும் கவனிக்கக்கூடிய வாடிக்கையாளர்கள் வருகிற கடை என்பதால்தான் கடைக்காரர் பலகையையே மாற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார். மாறாக, பல நாட்டு உணவுகளையும் வண்ணப் படங்களோடு பக்கம் பக்கமாக அச்சிட்டு வைத்திருக்கும் கடையில், அத்தனையையும் அன்றாடம் புதிதாகச் சமைக்க முடியாது என்பதை யோசித்தாலே விளங்கும். வாசலில் ஒருவர் நின்றுகொண்டு கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்தால் நான் நிற்பதே இல்லை.

அடுத்தது கல்லா. சாப்பிட்டு எழுந்தவர் எதுவும் சொல்லாமலே கல்லாவில் இருப்பவர் தொகையை வாங்கி மீதியை எண்ணிக் கொடுக்கிறார் என்றால், அவர் அன்றாடம் வருகிறவர். இப்படி நாலைந்து பேர் தொடர்ந்து போவதைப் பார்த்துவிட்டால் நான் வேறெதையும் ஆராயாமல் உள்ளே போய்விடுவேன்.

பதில்: கணக்குப்பிள்ளை

வழிப்போக்கன் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் பலகையில் மலிவாக இருப்பதெல்லாம் பில்லிலும் மலிவாக இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். வரி சேர்த்த விலையா, சேவைக் கட்டணம் தனியா, உட்கார்ந்தால் ஒரு விலை எழுந்து நின்று சாப்பிட்டால் வேறு விலையா என்பதை முதல் முறையே கேட்டுவிடுவது நல்லது. பானங்களில்தான் உணவகங்களுக்கு லாபம் மிகுதி. சாப்பாட்டை நியாயமான விலைக்குக் கொடுத்துவிட்டுக் குடிப்பதில் ஈடுகட்டுவது உலகமெங்கும் உள்ள வழக்கம். தண்ணீர் புட்டியைக் கையோடு கொண்டுபோனாலே மாதக் கடைசியில் வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று, முக்கிய உணவை மதியத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தட்டில் இருக்கும் பொருளின் அடக்கவிலை விற்பனை விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்பது இத்தொழிலில் வழக்கமான கணக்கு; மீதி வாடகைக்கும் சம்பளத்துக்கும் எரிபொருளுக்கும் போகிறது. கடையைத் திறந்துவைத்தால் இந்தச் செலவுகள் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே மதிய வேளையில் நாற்காலிகளை நிரப்பிவிட்டால் போதும் என்று, இரவில் விலை கூடிய உணவகங்கள்கூட வரையறுத்த மதியச் சாப்பாட்டைக் குறைந்த விலையில் கொடுக்கின்றன. சமையலறையும் அதேதான், சமைப்பவரும் அதே ஆள்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் செயலிகளை மட்டும் நம்பாதீர்கள். அவை உணவகத்திடம் 30% வரை தரகு பிடிப்பதுண்டு. அதைச் சரிக்கட்டச் செயலியில் கூடுதல் விலை போடும் கடைகள் பல. அச்செயலியில் கடையின் பெயரைப் பார்த்துக்கொண்டு, நேரில் நடந்துபோய்ச் சாப்பிடுவதே சிக்கனம்.

பதில்: கூர்நோக்கு

வரைபடத்தில் எல்லாக் கடையும் ஒரே மதிப்பெண்ணுடன் நிற்கின்றன என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

மதிப்பெண் என்பது கடைக்காரருக்கு நேரடியாகப் பணம். ஹார்வர்டு வணிகப் பள்ளியைச் சேர்ந்த மைக்கேல் லூக்கா, சியாட்டில் நகர உணவகங்களின் வருவாயையும் வாடிக்கையாளர்கள் விமர்சனம் எழுதும் யெல்ப் என்ற இணையதளத்தின் மதிப்பெண்களையும் ஒப்பிட்டு 2011-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார். ஒரு நட்சத்திரம் கூடினால் வருவாய் 5 முதல் 9% வரை உயர்கிறது என்பதும், இந்த விளைவு தனிக் கடைகளில்தான் தெரிகிறது, பெரிய சங்கிலி உணவகங்களில் தெரிவதில்லை என்பதும் அவர் கண்டது. இவ்வளவு ஆதாயம் இருக்கும்போது நண்பர்களையும் உறவினர்களையும் விட்டு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லும் ஆசை யாருக்குத்தான் வராது? ஆகவே மொத்த எண்ணை நான் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. இருபது பேர் போட்ட 4.9-ஐ விட, பல ஆண்டுகளாகப் பல நூறு பேர் போட்டுச் சேர்ந்த 4.1 மேலானது.

விமர்சனங்களைப் புதியது முதலில் வரும்படி அடுக்கிப் படியுங்கள். கடை கைமாறி, சமையற்காரரும் போன பிறகும் பழைய மதிப்பெண் அதே பெயரின் கீழ் ஒட்டிக்கொண்டே இருக்கும். அண்மைய சில மாதங்களின் எழுத்தில்தான் உண்மை நிலவரம் தெரியும். மூன்று நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியது பெரும்பாலும் பயனுள்ளதாக இருக்கிறது, ஏனெனில் புகழவும் திட்டவும் அவசரமில்லாதவர்கள் அவர்கள். அவர்களில் யாராவது விலைப்பலகையையோ பில்லையோ படமெடுத்துப் போட்டிருந்தால் அதன் தேதியைப் பார்த்துவிட்டு, அங்கே என்ன செலவாகும் என்பதை அறையில் இருந்தபடியே கணித்துக்கொள்ளலாம். விமர்சகரின் பெயரைத் தொட்டால் அவர் இதுவரை எழுதியவை அனைத்தும் வரும். நகரம் முழுக்கப் பல சிறு கடைகளைப் பற்றி நிதானமாக எழுதியிருப்பவர் ஒருவர் கிடைத்துவிட்டால், அவர் போன இடங்களுக்கே வரிசையாகப் போய்ப் பார்க்கலாம்.

மிக முக்கியமாக, அந்த ஊர் மக்கள் பேசும் மொழியில், அவர்களுடைய எழுத்திலேயே தேடிப் பாருங்கள். ஆங்கிலத்தில் தேடினால் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்காக நடத்தப்படும் கடைகளே முன்னால் வரும். அந்த மொழி தெரியாவிட்டால், மொழிபெயர்ப்புச் செயலியில் சொல்லை எடுத்து ஒட்டித் தேடலாம். பெரிய நிலப்பரப்பில் தேடாமல், ஒரு தெருவளவுக்கு வரைபடத்தைப் பெரிதாக்கிவிட்டுத் தேடினால் முன்பு தென்படாத சிறு கடைகளும் முளைக்கும். அப்படியும் வரைபடத்திலேயே ஏறாத கடைகள் உண்டு. அவற்றுக்கு வழிப்போக்கன் சொன்னபடி நடந்துபோய்த் தேடுவதுதான் ஒரே வழி.

அவர் சொல்லாத ஓர் எச்சரிக்கை: நீண்ட வரிசை நிற்பதெல்லாம் நல்ல கடை ஆகிவிடாது. காணொளி ஒன்று பரவியதால் நிற்கும் வரிசையில் எல்லோர் கையிலும் கைப்பேசி உயர்ந்திருக்கும். அந்த வரிசையில் நின்றால் உங்கள் அரை மணி நேரம் போச்சு.

கேட்டவர்: புதுவரவு

மூவருக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. மருத்துவமனை, பல்கலைக்கழகம் போன்றவற்றின் உள்ளே இருக்கும் கேன்டீன்களில் வெளியாட்களை விடுவார்களா? மலிவான கடை என்றாலே வயிறு கெடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது?

பதில்: அடுப்படி

நான் பல ஆண்டுகள் நிறுவன கேன்டீன் ஒன்றின் சமையலறையில் பொறுப்பில் இருந்தவள் என்பதால் இவ்விரண்டுக்கும் பதில் சொல்ல முடியும். கேன்டீன் விஷயத்தில் பொதுவான விதி எதுவும் இல்லை. சில இடங்களில் அடையாள அட்டை இல்லாமல் வாயிலைத் தாண்ட முடியாது, சில இடங்களில் யார் வேண்டுமானாலும் வரலாம், வேறு சிலவற்றில் வெளியாட்களுக்குச் சற்றுக் கூடுதல் விலை இருக்கும். வாயிற்காவலரிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். அனுமதி உண்டு என்றால், ஊழியர்களுக்கு உணவு இடைவேளை குறைவு என்பதை நினைவில் வைத்து, முதல் நெரிசல் அடங்கிய பிறகு போங்கள்.

வயிறு கெடுவதற்கும் விலைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. சமைத்த உணவு எவ்வளவு நேரம், எந்தச் சூட்டில் இருந்தது என்பதே காரணம். சமைத்ததை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது, பரிமாறும் வரை 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழ் குளிராகவோ வைத்திருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். இடைப்பட்ட வெதுவெதுப்பில்தான் கிருமிகள் மளமளவென்று பெருகும். விலை கூடிய விருந்துக் கூடத்தில் பாத்திரங்களை வரிசையாகத் திறந்து வைத்துப் பல மணி நேரம் பரிமாறுவதைவிட, கண் முன்னால் அடுப்பிலிருந்து இறக்கித் தட்டில் போடும் தள்ளுவண்டி பல நேரங்களில் பாதுகாப்பானது. பரிமாறத் தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுங்கள். ஆவி பறக்கிறதா, பணம் வாங்கும் கையே உணவையும் எடுக்கிறதா, தட்டு கழுவ ஓடும் நீர் இருக்கிறதா என்று பாருங்கள். பணத்தைத் தொட்ட கை உணவைத் தொட்டால் நான் திரும்பிவிடுவேன், எவ்வளவு கூட்டம் இருந்தாலும் சரி.

வழிப்போக்கன் அவர்கள் சொன்ன லாரி நிறுத்தம், பணிமனைப் பகுதிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மதியத்தில் அவை எனக்கும் பிடித்தமானவைதாம். ஆனால் இருட்டிய பிறகு தனியாகச் சாப்பிடப் போகும் பெண்ணுக்கு அந்த யோசனை அப்படியே பொருந்தாது. உள்ளே வேறு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்களா, பேருந்து நிறுத்தம் வரை தெருவிளக்கு இருக்கிறதா என்பவை எங்களுக்கு விலைப்பலகைக்கும் முன்னால் வரும் கேள்விகள். இந்தத் திரியைப் படிக்கும் பெண்கள், பகல் வெளிச்சத்தில் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு, இரவுக்கு மருத்துவமனையை ஒட்டிய தெருக்களையோ குடியிருப்புப் பகுதிகளையோ தேர்ந்துகொள்ளலாம். அதுவும் தோதுப்படாத நாட்களில் மதியமே பார்சல் வாங்கி வைக்காமல், அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில் சூடாக வாங்கிக்கொண்டு அறைக்குப் போனதும் சாப்பிட்டுவிடுங்கள்.