பி0171 லீன் கோடு வருகிறது, ஆனால் பிளக் கறுப்பாக இருக்கிறது: உதவி தேவை

வைகைக்கரை:
வணக்கம். வண்டி 2012 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், பிஎஸ்4. செக் இன்ஜின் லைட் எரிகிறது, ஸ்கேனரில் பி0171, அதாவது பேங்க் 1 (முதல் சிலிண்டர் வரிசை) லீன், காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை. அழித்தாலும் திரும்ப வந்துவிடுகிறது. ஐடிலில் லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் (இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) +18, ஷார்ட் டெர்ம் +5-ஐ ஒட்டி ஆடுகிறது. மெக்கானிக் ஏர் ஃபில்டர் மாற்றினார், த்ராட்டில் பாடி கழுவினார், இன்ஜெக்டரும் சுத்தம் செய்தார், ஒன்றும் மாறவில்லை. அடுத்து ஆக்ஸிஜன் சென்சார், பெட்ரோல் பம்ப் இரண்டையும் மாற்றலாம் என்கிறார். இதெல்லாம் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலால்தான் என்று இன்னொருவர் சொல்கிறார். பணம் போடுவதற்கு முன்னால் எதைப் பார்க்கலாம்?

ஸ்பேனர்12:
வேக்யூம் லீக் ப்ரோ, இன்டேக் பக்கம் எங்கேயோ ஓட்டை வழியாகக் காற்று நுழைகிறது. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஹோஸ்களைச் சுற்றி கார்ப் கிளீனர் கொஞ்சமாக அடியுங்கள், சத்தம் மாறினால் அந்த இடம்தான். சூடான எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் அடித்துவிடாதீர்கள், தீப்பிடிக்கும்.

பழைய பட்டறை:
தம்பி, அதற்கு முன்னால் மூன்று விஷயம் சொல்லுங்கள். 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் ட்ரிம் எவ்வளவு? ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் மாஃப் சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது) இருக்கிறதா? பிளக்கைக் கழற்றினால் என்ன நிறம்?

வைகைக்கரை:
அண்ணே, 2,500-ல் இரண்டும் சேர்த்து +8-க்கு இறங்கிவிடுகிறது. நடுவில் சென்சார் எதுவும் இல்லை, இன்டேக் மேனிஃபோல்டு மேல் மேப் சென்சார் (மேனிஃபோல்டு அழுத்தத்தை அளப்பது) மட்டும்தான். பிளக் நாலுமே கரி பிடித்துக் கறுப்பு. மைலேஜும் குறைந்துவிட்டது. கார்ப் கிளீனர் அடித்துப் பார்த்தேன், எந்த மாற்றமும் இல்லை.

பழைய பட்டறை:
அப்படியானால் பம்ப்பைத் தொட வேண்டாம். பெட்ரோல் பத்தாமல் லீன் ஆனால், ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்க ட்ரிம் ஏற வேண்டும், உங்களுக்கு இறங்குகிறது. மாஃப் உள்ள வண்டி என்றால் நானும் வேக்யூம் லீக் என்றுதான் சொல்லியிருப்பேன். மேப் வண்டியில் லீக் வழியாகக் காற்று நுழைந்தால் மேனிஃபோல்டு அழுத்தம் ஏறும், ஈசியூ அதற்கேற்ப பெட்ரோலைக் கூட்டிவிடும், அதனால் ட்ரிம்மை விட ஐடில்தான் பெரும்பாலும் எகிறும். உண்மையிலேயே லீனாக ஓடுகிற இன்ஜினில் பிளக் வெளுத்திருக்கும், உங்களுடையது கறுப்பு. ஆக இன்ஜின் ரிச்சாக, அதாவது பெட்ரோல் அதிகமாகி ஓடுகிறது, ஆக்ஸிஜன் சென்சார்தான் லீன் என்று சொல்கிறது. சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் எங்கேயோ லீக். ஐடிலில் புகை விட்டு விட்டு வரும்போது அந்த ஓட்டை வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், அந்த ஆக்ஸிஜனைப் பார்த்து ஈசியூ பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் டிக்டிக் சத்தம் வருகிறதா கேளுங்கள். வராவிட்டால், இன்ஜின் ஆறியிருக்கும்போது அணைத்து வைத்து, சைலன்சர் வாயில் வேக்யூம் கிளீனரின் ஊதுகிற பக்கத்தைச் சொருகி, மேனிஃபோல்டு இணைப்பில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். எங்கே நுரைக்கிறதோ அங்கே.

டாப்கியர்:
அப்போ இ20 காரணமே இல்லையா?

பழைய பட்டறை:
கொஞ்சம் உண்டு. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது, அதனால் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். இ10-லிருந்து இ20-க்குப் போனால் ட்ரிம் 4, 5 சதவீதம் ஏறலாம். 23 எல்லாம் ஏறாது.

வைகைக்கரை:
அண்ணே, கிடைத்துவிட்டது! ஹீட் ஷீல்டைக் கழற்றினால் நாலாவது சிலிண்டர் பக்கம் கரிக்கோடு, ஒரு ஸ்டட் முறிந்து பேக்கிங் ஊதிப்போயிருந்தது. ஸ்டட்டும் பேக்கிங்கும் மாற்றியாயிற்று. இப்போது ஐடிலில் மொத்தம் +6, கோடும் வரவில்லை. சென்சார் பழையதேதான்.

பழைய பட்டறை:
நல்லது. இன்ஜின் ஒருமுறை நன்றாகச் சூடாகி ஆறிய பிறகு நட்டுகள் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். ஆயில் குச்சியையும் முகர்ந்து பாருங்கள், இவ்வளவு நாள் ரிச்சாக ஓடியிருக்கிறது, பெட்ரோல் வாசம் அடித்தால் ஆயிலை மாற்றிவிடுங்கள்.