வெள்ளைப்போளம் எங்கே கிடைக்கும்?

எல்லாருக்கும் தோத்திரம். கிறிஸ்துமஸுக்கு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகளின் (ஞானிகளின்) மூன்று காணிக்கைகளையும் கையில் கொடுத்தே காட்ட நினைக்கிறேன். பொன் அரசருக்கு, தூபவர்க்கம் கடவுளுக்கு என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். வெள்ளைப்போளம் என்ற வாசனைப் பிசின்தான் சிக்கல். நாட்டு மருந்துக் கடையில் கேட்டேன். கருகருவென்று ஒரு கட்டியைப் பொட்டலம் கட்டித் தந்தார்கள். வீட்டில் பிரித்துப் பார்த்தால் கரியபோளம், காய்ந்த கற்றாழைச் சாறு! (யோவான் 19:39-இல் இயேசுவின் அடக்கத்துக்காக நிக்கொதேமு இரண்டையும் கலந்து ஏறக்குறைய நூறு இராத்தல் கொண்டுவருகிறார், அது வேறு விஷயம்.)

செம்பழுப்பான அசல் பிசின் சென்னையில் எங்கே கிடைக்கும்? அப்புறம், அடக்கத்துக்கான பொருளைக் கைக்குழந்தைக்கு ஏன் கொடுத்தார்கள் என்று எட்டு வயதுப் பிள்ளை கேட்டால், பயமுறுத்தாமல் எப்படிச் சொல்வீர்கள்?