1968 டிரையம்ப் பான்வில்: ஸ்டேட்டரையும் மாற்ற வேண்டுமா, ரெகுலேட்டர் மட்டும் போதுமா?

கவென்ட்ரிவாசி

வணக்கம். என்னிடம் 1968ஆம் ஆண்டு டிரையம்ப் பான்வில் டி120 ஒன்று உள்ளது. அதைத் தயாரித்த மெரிடன் தொழிற்சாலை இருந்த இடம் எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான். ஆனால் அது 1983இலேயே மூடப்பட்டுவிட்டதால், ஊர் அருகில் என்பதைத் தவிர எனக்கு வேறு பயன் இல்லை.

பகலில் ஓட்டும்போது குறை ஒன்றும் தெரிவதில்லை. இரவில் முகப்பு விளக்கைப் போட்டதும் அம்மீட்டர் முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாய்ந்துவிடுகிறது. முக்கால் மணி நேரத்தில் விளக்கு மஞ்சளித்து, என்ஜின் மிஸ்ஃபயர் ஆகத் தொடங்குகிறது. பேட்டரி புதியது. மல்டிமீட்டரை அதன் முனைகளிலேயே வைத்துப் பார்த்தேன்: என்ஜினை நிறுத்தியிருக்கும்போது 12.6 வோல்ட், விளக்கில்லாமல் நிமிடத்துக்கு 3000 சுற்றில் 12.7, விளக்குடன் 11.9.

ஸ்டேட்டர் (என்ஜினோடு சுழலும் காந்தமான ரோட்டரைச் சுற்றி நின்று மின்சாரம் தரும் சுருள்கள்) மூன்று வயர் கொண்ட லூகாஸ் நிறுவனத்தின் ஆர்.எம்.19. ஏசியை டிசியாக்கும் பழைய தகட்டு ரெக்டிஃபையர் இன்னும் இருக்கிறது. முகப்பு விளக்குக்கு அடியில், வரிவரியான அலுமினியக் கூட்டில், மிகையான மின்சாரத்தை வெப்பமாக்கி வெளியேற்றும் ஜீனர் டயோடும் இருக்கிறது. வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் சட்டத்தோடு இணைந்திருக்கிறது. உதிரிபாகக் கடையில் கேட்டபோது, எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு மூன்று ஃபேஸ் (மூன்று தொகுதிச் சுருள்கள் கொண்ட) ஸ்டேட்டர், ரோட்டர், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் எனத் தொகுதியாக வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அவ்வளவு செலவு உண்மையிலேயே தேவையா? அப்படியே வாங்கினாலும், பாசிட்டிவ் எர்த் வண்டியில் அதை எப்படி இணைப்பது?

சங்கிலிப்பெட்டி

வாங்குவதற்கு முன் சோதியுங்கள். ஸ்டேட்டர் வயர்களுக்கிடையே உள்ள மின்தடை மிகக் குறைவு என்பதால் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவீட்டை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. லூகாஸ் சொல்லும் முறை எளிது. ஸ்டேட்டர் வயர்களை வண்டியின் வயரிங்கிலிருந்து கழற்றிவிட்டு, பச்சை-கருப்பு வயரையும் பச்சை-மஞ்சள் வயரையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த இணைப்புக்கும் பச்சை-வெள்ளை வயருக்கும் குறுக்கே 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு, என்ஜினை 3000 சுற்றில் வைத்து, ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கிடையே ஏசி வோல்ட்டை அளவிடுங்கள். எட்டரை வோல்ட் அளவில் வந்தால் ஸ்டேட்டரும் ரோட்டரின் காந்தமும் நலம். 9 வோல்ட்டில் அந்த ரெசிஸ்டர் 81 வாட் வெப்பத்தை வெளியிடும் என்பதால், 100 வாட் தாங்கக்கூடியதாக வாங்குங்கள். கையில் பிடித்துக்கொண்டு சோதிக்காதீர்கள். நான் முதல் முறை சிறிய பீங்கான் ரெசிஸ்டரை வைத்துச் சோதித்து, பட்டறை மேசையில் இன்றும் அழியாத ஒரு கரும்புள்ளியைச் சம்பாதித்துக்கொண்டேன்.

பிறகு ஒவ்வொரு வயருக்கும் எர்த்துக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கவே கூடாது. இருந்தால், பெரும்பாலும் பிரைமரி செயின்கேஸிலிருந்து (என்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் சங்கிலியின் கூடு; ஸ்டேட்டர் இருப்பதும் அதற்குள்தான்) வயர் வெளியே வரும் இடத்தில்தான் தவறு நேர்ந்திருக்கும். ஐம்பது ஆண்டுகளாக எண்ணெயில் ஊறிய உறை அங்கே பிஸ்கட்டைப் போல உடைந்து உதிரும்.

செயின்கேஸைத் திறக்க நேர்ந்தால் ரோட்டரையும் கையோடு கவனித்துவிடுங்கள். ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் இடைவெளி சுற்றிலும் குறைந்தது 0.2 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இரும்பு ஃபீலர் கேஜைக் காந்தம் இழுத்துவிடுவதால் அதை வைத்து அளக்க முடியாது; பித்தளைத் தகடோ பிளாஸ்டிக் பட்டையோ வேண்டும். ரோட்டரின் நடுவிலுள்ள இரும்பு உருளை வெளிப்பகுதியிலிருந்து தளர்ந்து ஆடுகிறதா என்று கையால் முறுக்கிப் பாருங்கள். தளர்ந்த ரோட்டர் எழுப்பும் தட்டல், தேய்ந்த பிக்-எண்ட் (கனெக்டிங் ராடின் கீழ்முனை பேரிங்) சத்தத்தைப் போலவே இருக்கும். அதைக் கேட்டு என்ஜினையே பிரித்தவர்களை எனக்குத் தெரியும்.

பழைய ஸ்பேனர்

மேலே சொன்ன சோதனை சரியானதே. ஆனால் அதற்கும் முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: மூன்றாவது வயர் எங்கே போய் முடிகிறது? மூன்று வயர் ஏற்பாடு 6 வோல்ட் காலத்து மிச்சம். விளக்கு எரியாதபோது சுருள்களில் ஒரு பகுதி மட்டும் பேட்டரிக்கு மின்சாரம் தரும். முகப்பு விளக்கைப் போட்டதும் விளக்கு சுவிட்சே மீதிச் சுருள்களையும் அதனுடன் இணைத்துவிடும். இடையில் யாராவது சுவிட்சை மாற்றியிருந்தால், அந்த வயர் எதனோடும் சேராமல் தொங்கிக்கொண்டிருக்கலாம். உங்கள் அம்மீட்டர் முள் விளக்குப் போட்டவுடன் சாய்வதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். மிகையான மின்சாரத்தை ஜீனரோ புதிய ரெகுலேட்டரோ பார்த்துக்கொள்ளும் என்பதால், 12 வோல்ட் வண்டியில் அந்த இரண்டு வயர்களையும் நிரந்தரமாகச் சேர்த்துவிடலாம்.

மூன்று ஃபேஸ் தேவையா என்பதற்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பாயின்ட்ஸ் இக்னிஷனுக்கு 3 ஆம்பியர் என்று வையுங்கள். 45 வாட் முகப்பு விளக்குக்கு 3.75, பின்விளக்குக்கு அரை. ஏறக்குறைய ஏழேகால் ஆம்பியர், அதாவது 87 வாட். நலமாக உள்ள ஆர்.எம்.19 நெடுஞ்சாலை வேகத்தில் இதற்கு ஈடுகொடுக்கும். நகர நெரிசலில், ஐட்லிங்கில், பிரேக் விளக்கும் எரிய நிற்கும்போது ஈடுகொடுக்காது. நீங்கள் தினமும் நகருக்குள் ஓட்டுபவர் என்றாலோ, 60 வாட் ஹாலஜன் பல்ப் போட்டே தீருவேன் என்றாலோ மூன்று ஃபேஸுக்குப் போகலாம். அப்படிப் போனால் ரெகுலேட்டரும் மூன்று ஃபேஸுக்கு உரியதாகவே இருக்க வேண்டும்.

இனி இணைப்பு. பழைய ரெக்டிஃபையர், ஜீனர் இரண்டின் வேலையையும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர் ஒன்றே செய்துவிடும். பொதுவாக அதில் இரண்டு மஞ்சள் வயர்கள் ஸ்டேட்டருக்கு உரியவை. எது எந்தப் பக்கம் என்ற பேதம் இல்லை. சிவப்பு பாசிட்டிவ், கருப்பு நெகட்டிவ். பாசிட்டிவ் எர்த் வண்டியில் சிவப்பு வயரை எர்த்துக்கும் கருப்பு வயரை ஃபியூஸ் வழியாகப் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் கொடுக்க வேண்டும். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்: லூகாஸ் வயரிங்கில் சிவப்பு என்றால் எர்த், மின்சாரம் ஓடுவது பழுப்பு-நீல வயரில். கார் வயரிங் பழகிய கை சிவப்பைக் கண்டதும் அதையே லைவ் என்று எடுத்துக்கொள்ளும். பேட்டரியைத் தலைகீழாக இணைத்தால் புதிய ரெகுலேட்டர் ஒரு நொடிகூடத் தாங்காது.

ஃபியூஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய கண்ணாடி ஃபியூஸில் 35 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பது அது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். இதை அறியாமல் 35 ஆம்பியர் பிளேடு ஃபியூஸைப் போட்டால் ஃபியூஸ் எரிவதற்கு முன்பே வயர் எரிந்துவிடும். 15 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் போதும்.

மஞ்சள்கம்பி

என் கருத்து சற்று வேறு. ஜீனரையும் அதன் அலுமினியக் கூட்டையும் கழற்றி எறிய வேண்டாம். 1968 வண்டியின் முகத்துக்கு அந்தக் கூடு ஓர் அடையாளம். இணைப்பை மட்டும் துண்டித்துவிட்டு, கூட்டை அதே இடத்தில் விட்டுவிடுங்கள். பழைய ரெக்டிஃபையரைக் கழற்றும்போது, தகடுகளை இறுக்கிப் பிடித்திருக்கும் நட்டைத் தொடாமல், சட்டத்தில் பொருத்தியிருக்கும் நட்டை மட்டும் திருப்புங்கள். போல்ட்டின் மறுமுனையை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று திரும்பினால் உள்ளிணைப்பு அறுந்துபோகும். பிறகு அதை வைத்து எதையும் சோதிக்க முடியாது.

இந்தச் சாக்கில் வண்டியை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிவிடலாம் என்றும் யாராவது சொல்வார்கள். மாற்றலாம்தான். இந்த ரோட்டர் நிலைக்காந்தம் என்பதால், பழைய டைனமோவுக்குச் செய்வதுபோல முனைகளை மாற்றிக் காந்தமேற்றும் வேலைகூட இல்லை. ஆனால் இக்னிஷன் காயில் இணைப்புகள், அம்மீட்டர், எலக்ட்ரானிக் இக்னிஷன் இருந்தால் அது என ஒவ்வொன்றையும் திருப்பிப் போட வேண்டும். நாளை வேறொருவர் பழைய வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு பழுதுபார்க்கும்போது குழம்புவார். எனக்கு அதில் எந்த ஆதாயமும் தெரியவில்லை.

கவென்ட்ரிவாசி

மூவருக்கும் நன்றி. சனிக்கிழமை முகப்பு விளக்கைத் திறந்து பார்த்தேன். பழைய ஸ்பேனர் ஐயா சொன்னது அப்படியே இருந்தது: முந்தைய உரிமையாளர் வேறு சுவிட்ச் பொருத்தி, பச்சை-கருப்பு வயரின் முனையில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி உள்ளே மடித்து வைத்திருந்தார். டேப்பின் பசை உருகி, வயர் கூட்டின் உட்புறத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

ரெசிஸ்டர் சோதனையில் 8.4 வோல்ட் வந்தது. எந்த வயருக்கும் எர்த்தோடு தொடர்பு இல்லை. ஆகவே செயின்கேஸைத் திறக்கவில்லை. ரெக்டிஃபையரை டயோடு அளவீட்டில் சோதித்தபோது நான்கு டயோடுகளில் ஒன்று இரு திசையிலும் மின்சாரத்தைக் கடத்தவில்லை. எனவே ஒற்றை ஃபேஸ் ரெகுலேட்டர் ஒன்றை மட்டும் வாங்கி, பச்சை-கருப்பையும் பச்சை-மஞ்சளையும் சேர்த்து ஒரு மஞ்சள் வயருக்கும், பச்சை-வெள்ளையை மற்றொன்றுக்கும் கொடுத்தேன். ரெகுலேட்டரின் எர்த்தைச் சட்டத்தை நம்பி விடாமல், 2 சதுர மில்லிமீட்டர் வயரில் நேராகப் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கே கொண்டுபோய்விட்டேன்.

இப்போது 3000 சுற்றில் விளக்கில்லாமல் 14.2 வோல்ட், விளக்குடன் 13.5. ஐட்லிங்கில் விளக்கு எரியும்போது முள் இன்னும் லேசாக டிஸ்சார்ஜ் பக்கம் போகிறது. அதை அப்படியே விட்டுவிடுகிறேன். ஜீனர் கூடு அதே இடத்தில் இருக்கிறது.