எலும்பு உடைப்பானைத் தேடிப் போனேன், தலைக்கு மேல் ஆடு

தெற்கு ஸ்பெயினின் ஹாயென் மாகாணத்தில் உள்ள கசோர்லா மலைகளுக்கு நான் போனதே ஒரு பறவைக்காகத்தான். தாடிப் பாறு. எலும்பை உயரத்துக்குத் தூக்கிப்போய்ப் பாறைமேல் போட்டு உடைத்துத் தின்னும் கழுகு. ஸ்பானிய மொழியில் அதன் பெயருக்குப் பொருளே எலும்பு உடைப்பான். நஞ்சும் துப்பாக்கியும் சேர்ந்து 1986-இல் அதை இந்த மலையிலிருந்து ஒழித்தன. இயற்கைப் பூங்கா என்று அறிவிப்பு வந்ததும் அதே ஆண்டில்தான். 1996-இல் இங்கே இனப்பெருக்க மையம் தொடங்கி, 2006 முதல் இளம் பறவைகளை வெளியே விட்டார்கள். காட்டிலேயே ஒரு குஞ்சு பொரிய 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பூங்காவின் பரப்பு 2,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதில் ஒரு பறவையைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுகிற கதை. எனவே பொரோசா ஆற்றோரப் பாதையைத் தேர்ந்தெடுத்தேன். மீன் பண்ணை அருகே நடையைத் தொடங்கினால் சிறிது தொலைவிலேயே மலை நெருங்கிக்கொண்டு வரும். ஓரிடத்தில் பாறைச் சுவரோடு ஒட்டிய மரப்பலகைமேல் நடக்க வேண்டும், காலடியில் பச்சைத் தண்ணீர். நீர்மின் நிலையத்தைத் தாண்டியதும் ஏற்றம் முழங்காலைப் பதம் பார்த்துவிடும். அதற்கும் மேலே, வாய்க்கால் ஓடும் சுரங்கங்கள். ஒரு கையில் டார்ச், மறு கை ஈரச் சுவரில்.

சுரங்கத்தை விட்டு வெளியே வந்தபோது வெயிலில் கண் கூசியது. அந்த நேரம் பார்த்து எலுமிச்சை அளவில் ஏதோ ஒன்று காலருகே விழுந்து துள்ளி ஓடியது. எலும்பு! கழுகேதான்! கேமராவோடு அண்ணாந்தேன். வெறும் கல். மேலே ஒரு கிடா நின்றிருந்தது. ஐபீரிய மலையாடு, நம் வரையாட்டுக்குத் தூரத்துச் சொந்தம். நான்கு குளம்புகளும் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு இடத்தில் அடங்கியிருந்தன. கொம்பின் வளையங்களை எண்ணத் தொடங்கி ஆறு வரை வந்தேன். அது தலையைத் திருப்பி மூக்கால் சீழ்க்கை போல் ஒரு ஒலி எழுப்பிவிட்டு, சுவர் போன்ற பாறையில் பக்கவாட்டாக நடந்து மறைந்தது. எண்ணிக்கை கெட்டது.

அன்றிரவு விடுதிக்காரர் சொன்ன பிறகுதான் அந்த ஆட்டின் மதிப்பு புரிந்தது. 1987-இல் பரவிய சொறி நோயில் இங்கிருந்த மலையாடுகளில் 95 சதவீதத்துக்கும் மேல் செத்துவிட்டனவாம். தோலுக்குள் துளைத்துப் புகும் நுண்ணிய சிற்றுண்ணியால் வருவது அது. நான் அலட்சியமாகப் பார்த்தது மிச்சத்தின் வாரிசு.

கழுகு அன்று கண்ணிலேயே படவில்லை.

*

நான் போனது செப்டம்பர் கடைசியில். டிராங்கோ நீர்த்தேக்கத்தின் கரையில் இருட்டும் வேளையில் சிவப்பு மான்களின் கத்தல் கேட்டது. பெண்மானுக்காகக் கிடாக்கள் போடும் சண்டைக் குரல். வயதான எருமை ஏப்பம் விட்டால் எப்படியிருக்கும்? அப்படி. காதல் ஒலி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கார் நிறுத்துமிடத்தில் நரியொன்று நாய் போல் வந்து கையையே பார்த்தது. பக்கத்துக் குடும்பம் ரொட்டி போட்டுப் படம் எடுத்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. பிச்சையெடுக்கப் பழகிய நரி சாலையில்தான் சாகும்.

*

தாடிப் பாறு கண்ணில் பட்டபோது நான் அதைத் தேடவேயில்லை. மலைச்சாலையில் பஞ்சரான டயரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தரையில் ஒரு நிழல் ஓடியது. வழக்கமான பாறுதான் என்று நினைத்து நிமிர்ந்தேன். சிறகு குறுகலாக நீண்டிருந்தது, வால் ஆப்பு போல் கூம்பியிருந்தது, நெஞ்சு துருப்பிடித்த நிறத்தில் இருந்தது. இரும்புச் சத்துள்ள சேற்றில் புரண்டு அந்த நிறத்தைத் தானே பூசிக்கொள்ளுமாம். பத்து விநாடி இருக்கும், முகட்டுக்கு அப்பால் போய்விட்டது. படம் இல்லை. கேமரா பின் இருக்கையில், என் கையெல்லாம் கிரீஸ்.