காரட் என்றால் ஓடி வருகிறது, புல்லைத் தொடமாட்டேன் என்கிறது

வாடிப்பட்டிக்காரன்:
மகளுக்காக இரண்டு முயல் வாங்கினோம். மூன்று மாதம் ஆகிறது என்று கடையில் சொன்னார்கள். காரட், பிஸ்கட் என்றால் பாய்ந்து வருகின்றன. புல்லைப் போட்டால் மோந்துவிட்டுப் போய்விடுகின்றன. விடியற்காலையில் ஒன்று தன் புழுக்கையையே தின்றது. சிறுநீர் வேறு செங்கல் நிறத்தில் இருக்கிறது. ஏதாவது நோயா? இந்த வெயிலுக்குக் குளிப்பாட்டலாமா?

கீரைத்தோட்டம்:
குளிப்பாட்ட வேண்டாம் அண்ணே. மிரண்டே செத்துப்போகும். அது தன்னைத்தானே நக்கிச் சுத்தமாக்கிக்கொள்ளும். தூரிகையால் முடியை வாரிவிட்டால் போதும்.

மேல்மலை அக்கா:
தம்பி, முதலில் பிஸ்கட்டை நிறுத்துங்க. காரட்டும் அதற்கு மிட்டாய்தான், எப்போதாவது ஒரு துண்டு கொடுங்க. முயலுக்குப் பல் சாகும்வரை வளரும். புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத்தான் அது தேயும். அதனால் அருகம்புல்லோ காய்ந்த புல்லோ நாள் முழுக்கக் கூண்டில் இருக்கணும். வேலிமசால் என்கிற தீவனச்செடி, கல்யாணமுருங்கை இலையும் நன்றாகத் தின்னும். வைக்கோல் வயிற்றை நிரப்பும், சத்து குறைவு. அறுத்த புல்லைக் குவித்து வைக்காதீங்க, உள்ளே சூடேறிவிடும். அதைத் தின்றால் வயிறு உப்பிக்கொள்ளும். வெங்காயம், பூண்டு பக்கமே போகக்கூடாது.

புழுக்கை தின்பது நோய் இல்லை. உருண்டையாகக் காய்ந்து கிடப்பது ஒன்று. பளபளவென்று மெத்தென்று கொத்தாக வருவது இன்னொன்று. இரண்டாவதைத்தான் வாய்வைத்து எடுத்துத் தின்னும். அதில் வைட்டமின் பி எல்லாம் இருக்கு, தடுக்காதீங்க. சிறுநீரின் செந்நிறம் பெரும்பாலும் இலையில் உள்ள நிறமியால் வருவது. முக்கிக்கொண்டு போனாலோ ரத்தத் துளி தனியாகத் தெரிந்தாலோ டாக்டரிடம் காட்டுங்க.

எனக்குக் கவலை எல்லாம் உங்கள் ஊர் வெயில்தான். கொடைக்கானல் பக்கம் மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்தில் ஒயிட் ஜயன்ட், சோவியத் சின்சில்லா இன முயல் எல்லாம் செழிப்பாக வளர்கிறது என்றால், எங்கள் மலைக்குளிரும் ஒரு காரணம். முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரியைத் தாண்டினாலே தவிக்கும். பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து, துணி சுற்றிக் கூண்டில் போடுங்க, அதில் சாய்ந்துகொள்ளும். ஈரத்துணியால் காதைத் துடைத்துவிடலாம். குடிதண்ணீர் எப்போதும் இருக்கணும். கூண்டின் அடியில் வெறும் கம்பி வலை என்றால் ஒரு பலகை போடுங்க, இல்லையென்றால் பாதம் புண்ணாகும்.

வாடிப்பட்டிக்காரன்:
நன்றி அக்கா. இன்று காரட் போடாமல் அருகம்புல் மட்டும் வைத்தேன். ஒன்று கொஞ்சம் கடித்தது, மற்றது முகத்தைத் திருப்பிக்கொண்டது. பட்டினி போட்டால் வழிக்கு வருமா?

மேல்மலை அக்கா:
ஐயோ, பட்டினி மட்டும் போடாதீங்க! அரை நாள் எதுவுமே தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் குடல் அசைவு நின்றுபோகும். அப்போது விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது, உடனே கால்நடை டாக்டரிடம் ஓடணும். காரட்டை நாளுக்கு நாள் குறைங்க. கொத்தமல்லித்தழையைப் புல்லோடு கலந்து வைத்துப் பாருங்க.

கீரைத்தோட்டம்:
அண்ணே, இரண்டும் பெண் என்றா சொல்லி விற்றார்கள்? டாக்டரிடம் போகும்போது அதையும் பார்த்துவிடுங்க. ஆணும் பெண்ணுமாக இருந்தால் இப்போதே தனித்தனிக் கூண்டு போடுங்க. சினை 31 நாள்தான்.