மஸ்டர்ட் கேஸ் கொப்புளத்துக்கு பிஏஎல் ஊசி போடலாமா?

பாண்டி_நர்சிங்: வணக்கம், பாண்டில பிஎஸ்சி நர்சிங் மூணாவது வருஷம் படிக்கறேன். வெள்ளிக்கிழமை செமினார், மஸ்டர்ட் கேஸ் மாதிரி கொப்புளம் போடற கெமிக்கல் பத்தி. பிஏஎல் ஊசிதான் இதுக்கு ஆன்டிடோட்டா (முறிவு மருந்தா)? தீக்காயத்துக்கு போடற மாதிரியே பார்க்லேண்ட் கணக்குல (உடம்பு எடையும் வெந்த பரப்பும் வெச்சு போடற கணக்கு) ஃப்ளூயிட் ஏத்தலாமா? ஃப்ரெண்ட் ஆமாங்கறா, எனக்கு டவுட்டா இருக்கு.

கேசுவால்டி_அக்கா: இல்லம்மா. பிஏஎல்னா பிரிட்டிஷ் ஆன்டி-லூயிசைட், அது லூயிசைட்டுங்கற இன்னொரு கொப்புள கெமிக்கலுக்கு, அதுல இருக்கற ஆர்சனிக்க போய் புடிச்சுக்கும். ரெண்டாம் உலகப்போர் சமயத்துல ஆக்ஸ்ஃபோர்டுல கண்டுபுடிச்சது. சல்ஃபர் மஸ்டர்டுக்கு, அதான் நீ கேக்கற மஸ்டர்ட் கேஸுக்கு, ஆன்டிடோட்டே கிடையாது. லூயிசைட் பட்டவுடனே எரியும், மஸ்டர்ட் பட்டா ஒன்னும் தெரியாது, 2ல இருந்து 24 மணி நேரத்துக்குள்ள தான் செவந்து கொப்புளம் கெளம்பும், ஆனா உள்ள சேதாரம் முதல் சில நிமிஷத்துலயே ஆயிருக்கும், அதனால துணிய அவுத்துட்டு கழுவறதுதான் முதல் வேலை.

பார்க்லேண்ட் போடாத, தீக்காயம் அளவுக்கு நீர் வெளிய போகாது, அள்ளி ஏத்துனா நுரையீரல்ல கோத்துக்கும். யூரின் பாத்து பாத்து குடுக்கணும். கண்ண சலைன்ல நல்லா அலசி ஆன்டிபயாடிக் ஆயின்மென்ட் போட்டு இமை ஓரத்துல வாசலின் தடவணும், இல்லன்னா ரெண்டு இமையும் ஒட்டிக்கும். கண்ண இறுக்கி கட்டவே கூடாது. கொப்புளத் தண்ணில மஸ்டர்ட் இருக்காது, தொட பயப்படாத. சிபிசி (ரத்த அணு எண்ற டெஸ்ட்) தெனம் பாக்கணும், டபிள்யூபிசி (வெள்ளணு) சில நாள் கழிச்சுதான் விழும், இன்ஃபெக்‌ஷன் அப்பதான் ஏறும்.

முதுநகர்_ஃபார்மா: பிஏஎல் மல்லாட்டை (வேர்க்கடலை) எண்ணெயில கலந்து வர்ற ஊசி, சதைல ஆழமா போடணும், செம வலி. மல்லாட்டை அலர்ஜி இருக்கான்னு கேக்காம போட்றாதீங்க. மல்லாட்டை வெளையற நம்ம விருத்தாசலம் பக்கத்து ஆளா இருந்தாலும் கேளுங்க 😀

சிப்காட்_சேஃப்டி: அக்கா சொன்ன துணி மேட்டர செமினார்ல அழுத்தி சொல்லும்மா. 1943 டிசம்பர்ல இத்தாலி பாரி துறைமுகத்துல குண்டு போட்டப்ப ஒரு கப்பல்ல மஸ்டர்ட் இருந்தது ஆஸ்பத்திரில யாருக்கும் தெரியாது, மஸ்டர்ட் கலந்த கப்பல் எண்ணெயில ஊறுன துணியோடயே கம்பளி போத்தி படுக்க வெச்சுட்டாங்க, 600 பேருக்கு மேல பாதிப்பு. கெமிக்கல் ஃபேக்டரில பொழங்கற டைமெத்தில் சல்ஃபேட்டும் இதே குணம்தான், உடனே எரியாது, பல மணி நேரம் கழிச்சு கொப்புளிக்கும், மூச்சு வாங்கும். அதனால "எனக்கு ஒன்னும் இல்ல சார்"னு கெளம்பறவன வீட்டுக்கு அனுப்பக்கூடாது.

பாண்டி_நர்சிங்: ரொம்ப தேங்க்ஸ்! டபிள்யூபிசி விழுந்தா என்ன குடுப்பாங்க அக்கா?

கேசுவால்டி_அக்கா: ஜி-சிஎஸ்எஃப், வெள்ளணுவ ஏத்தறதுக்கு கீமோ வார்டுல போடறியே அதே ஊசி. கீமோவே இதுல இருந்து வந்ததுதான், 1942ல அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டில லிம்ஃபோமாவுக்கு (நிணநீர் கேன்சர்) மஸ்டர்ட் வகையறாவான நைட்ரஜன் மஸ்டர்ட் குடுத்து பாத்தாங்க. மேடம் கட்டாயம் கேப்பாங்க, படிச்சுட்டு போ.