மறு: ‘இச்சை இயக்கம்’ வேண்டாமென்றால் வேறு என்ன? வெள்ளிக்கிழமை அச்சு!

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து:
பக்கவாதம் வந்தவர்களின் வீட்டாருக்கான துண்டறிக்கையில், மூளையின் முன்மடல் (நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி) பற்றிய பத்தியில் மாட்டிக்கொண்டேன். முன்மடலின் பின்னோரத்தில் ஒரு பட்டை. இடப்பக்கப் பட்டை வலக்கையை அசைக்கும், வலப்பக்கம் இடக்கையை. நாமாக நினைத்து அசைப்பதற்குப் பாடநூல் வழக்கில் ‘இச்சை இயக்கம்’ என்று போட்டேன். வாசித்துக் காட்டினால் சித்தி வாயைப் பொத்திச் சிரிக்கிறார்: “ஒங்க சித்தப்பாவுக்கு இந்த வயசுல இச்சை திரும்ப வரணுமாடா?”

பட்டர்வொர்த்திலிருந்து:
இச்சை என்ன கெட்ட சொல்லா தம்பி? பத்துமலைக்குப் போகிறவனைக் கேளுங்கள், வள்ளி இச்சா சக்தி, தெய்வானை கிரியா சக்தி. இச்சை முன்னே, கிரியை பின்னே. முன்மடலும் அப்படித்தானே, நெற்றிப் பக்கம் திட்டம் போட, பின்னோரப் பட்டை கையை அசைக்கிறது!

செந்தூலிலிருந்து:
ஐயா, இச்சை வடசொல். இயங்கு தன்வினை, இயக்கு பிறவினை. கை தானாக இயங்கவில்லை, நாம் இயக்குகிறோம். ஆனால் ‘இயக்கம்’ என்று பெயராக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும், அதனால் நாமே செய்யும் வினை என்ற பொருளில் ‘தன்வினையசைவு’ என்கிறேன்.

ஜார்ஜ்டவுனிலிருந்து:
அண்ணே, படுத்திருப்பவர் தலைமாட்டில் ‘தன்வினை’ என்று எழுதிவைத்தால் பார்க்க வருகிறவர்கள் மிச்சத்தை முடித்துவிடுவார்கள், தன்னைச் சுடும் என்று. இடைநிலைப் பள்ளியில் பிள்ளைகள் மலாயில் ‘திண்டாகான் தெர்காவால்’ என்றுதான் படிக்கிறார்கள். அதைப் பார்த்து ‘கட்டுப்பாட்டு அசைவு’ எனலாமே?

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து:
அக்கா, கட்டுப்பாடு என்ற சொல் அடுத்த பத்திக்கு வேண்டும். 1848இல் அமெரிக்காவில் ரயில்பாதை வேலையில் வெடி வெடித்து, ஒரு இரும்புக் கம்பி கேஜ் என்பவரின் இடது முன்மடலைத் துளைத்துக்கொண்டு வெளியேறியது. பிழைத்து நடந்தார், பேசினார். கை கால் பட்டைக்குப் பெரிய சேதமில்லை, போனது குணத்தை அடக்கிவைக்கும் முன்பகுதி. வாய்க்கு வந்தபடி திட்ட ஆரம்பித்தார், நண்பர்கள் இவர் பழைய கேஜே இல்லை என்றார்கள். சித்தப்பா தட்டைத் தள்ளிவிட்டால் திமிர் என்கிறார் சித்தி. அதற்குத்தான் இந்தப் பத்தியே. கையை அசைப்பதற்கும் குணத்தை அடக்குவதற்கும் ஒரே சொல் போட்டால் குழம்பிவிடும்.
சரி, ‘நாமாக அசைக்கும் அசைவு’ என்றே அனுப்பிவிடுகிறேன். மூன்று பேர் தனிமடலில் தலையாட்டிவிட்டார்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து:
அது கலைச்சொல் இல்லை தம்பி, விளக்கம். அடைப்புக்குறிக்குள்ளாவது இச்சையைப் போடுங்கள். சித்தியிடம் நான் பேசுகிறேன்.